சார்ஜ் நிற்காத பற்றரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிகுடிப் பக்கம் ரிப்பேர் மேசை போட்டிருப்பவனிடம் எல்லாச் சாமானும் வரும். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து பயிருக்கு மருந்தடிக்கிற மெசின், கடற்கரைப் பக்கத்திலிருந்து தலையில் கட்டுகிற டோர்ச், கல்முனையிலிருந்து ஓட்டோ பற்றரி, யாராவது ஒரு பிள்ளையின் போன். கொண்டுவருகிறவர்கள் சொல்வது மட்டும் ஒரே வசனம்: "சார்ஜ் நிக்குதில்லை." அதற்குப் பிறகு கேட்கிற கேள்விகளும் சுற்றிச்சுற்றி ஒன்றுதான் என்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலையும் போட்டிருக்கிறேன். மேலிருந்து வாசித்து வாருங்கள், கீழே உள்ளவை மேலே சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

பச்சை லைட் எரியுது, முழுக்க ஏறிட்டுது எண்டுதானே அர்த்தம்? பிறகேன் பத்து நிமிசத்தில செத்துப்போகுது?

அந்தப் பச்சை லைட், சார்ஜரிலிருந்து போகிற கரண்ட் குறைந்துவிட்டது என்பதை மட்டும்தான் காட்டுகிறது. நல்ல பற்றரி நிறைந்தாலும் கரண்ட் குறையும். உள்ளே பழுதாகிக் கரண்ட்டை வாங்க முடியாமல் கிடக்கிற பற்றரியிலும் குறையும். வயர் கழன்று கிடந்தாலும் பச்சைதான். சேறு படிந்த குளம் ஒரு மழைக்கே வான் பாயும், வாய்க்காலைத் திறந்தால் இரண்டு நாளில் வற்றிவிடும். சீக்கிரமாகப் பச்சை வருகிற பற்றரியும் அப்படித்தான். முன்பு ஆறு மணித்தியாலம் எடுத்த மெசின் இப்போது முக்கால் மணித்தியாலத்தில் நிறைந்துவிட்டால் சந்தோசப்பட வேண்டாம்.

அதற்காக உடனே பற்றரிதான் போச்சு என்றும் முடிவு கட்டாதீர்கள். சார்ஜர், அது குத்துகிற துளை, வயர், சுவிட்ச் எல்லாம் பார்த்த பிறகுதான் பற்றரிக்கு வரவேண்டும். புதுப் பற்றரி வாங்கிப் போட்டும் "அதே வருத்தம்தான்" என்று திரும்பி வருகிறவர்கள் குறைவில்லை.

என்ட சாமானில இருக்கிறது என்ன பற்றரி? எல்லாம் ஒண்டுதானே?

இல்லை. மூன்று சாதி இருக்கிறது, மூன்றுக்கும் மூன்று குணம். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிப் பாரமாக இருந்தால் அது ஈயப் பற்றரி. மருந்து மெசின், யூபிஎஸ், பைக், ஓட்டோ, உழவு மெசின், இன்வேட்டர் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இதுதான். 12 வோல்ட் என்றால் உள்ளே இரண்டு வோல்ட் அறைகள் ஆறு இருக்கும். மலிவான சார்ஜ் டோர்ச்களில் இரண்டே அறையுள்ள 4 வோல்ட் குட்டி ஈயப் பற்றரி இருக்கும்.

பாரமில்லாமல் தட்டையாகவோ உருளையாகவோ இருந்து 3.7 வோல்ட் என்று எழுதியிருந்தால் லித்தியம்: போன், மடிக்கணினி, புது டோர்ச். 18650 என்று எழுதியிருப்பது அதன் பருமன்தான், 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். 1.2 வோல்ட் என்று எழுதிய விரல் பற்றரிகள் நிக்கல். ஈயப் பற்றரியை எப்போதும் நிறைத்தே வைக்க வேண்டும், லித்தியத்தைச் சும்மா வைப்பதானால் பாதியில் வைக்க வேண்டும். சாதாரண நிக்கல் பற்றரி சும்மா இருந்தாலே முதல் மாதத்தில் கால்வாசி சார்ஜை இழந்துவிடும், அது அதன் சுபாவம், பழுதில்லை. இனி வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கின்றன.

மீற்றர் வாங்கத்தான் வேணுமா? பார்த்த பார்வையில தெரியாதா?

வீங்கினது, வெடித்தது, கசிந்தது பார்வையில் தெரியும். மற்றதற்கு மீற்றர் வேண்டும். வோல்ட்டும் அம்பியரும் அளக்கிற மலிவான டிஜிட்டல் மீற்றரே போதும், ஒரு பிழையான பற்றரி வாங்குகிற காசுக்கு மிச்சமும் வரும். குமிழை நேரோட்ட 20 வோல்ட்டுக்குத் திருப்பி, சிவப்பை கூட்டல் பக்கமும் கறுப்பைக் கழித்தல் பக்கமும் பிடியுங்கள். முதலில் மீற்றரின் கம்பியை வயர் கிளிப்பில் பிடிக்காமல், வயர் மாட்டுகிற முனையான பற்றரியின் ஈயக் காதிலேயே அழுத்திப் பிடியுங்கள், பிறகு கிளிப்பில் பிடியுங்கள். மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டிலும் வாசிப்பு வித்தியாசமாக வந்தால் பழுது இடையில் பிடித்திருக்கிற பச்சைத் துருவில். சுரண்டித் துப்புரவாக்கினால் வேலை முடிந்தது.

சார்ஜைக் கழற்றிச் சில மணித்தியாலம் சும்மா விட்டுத்தான் அளக்க வேண்டும், கழற்றின கையோடு அளந்தால் எல்லாப் பற்றரியும் நல்ல பற்றரிதான். 12 வோல்ட் ஈயப் பற்றரி 12.6இலிருந்து 12.9 வரை காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12க்குக் கீழே என்றால் காலியாகப் போகிறது. 10.5 அளவில் வந்து அதற்கு மேல் ஏறாமல் நின்றால் ஆறில் ஒரு அறை செத்துவிட்டது, அதற்கு வைத்தியம் இல்லை. லித்தியம் ஒற்றை அறைக்கு 4.2 நிறைவு, 3 காலி.

இதைவிட முக்கியமானது சுமையோடு அளப்பது. மெசினின் மோட்டரை ஓடவிட்டு மீற்றரைப் பாருங்கள். சும்மா இருக்கையில் 12.7 காட்டினது, சுவிட்ச் போட்டதும் 12.3க்கு வந்து நின்றால் நல்ல பற்றரி. சர்ரென்று 10க்குக் கீழே போனால் அதற்குள் வோல்ட் இருக்கிறது, சார்ஜ் இல்லை.

பெரும்போகத்தில நல்லா அடிச்ச மெசின். வெட்டு முடிஞ்சு அப்படியே வச்சது. இப்ப எடுத்தா உயிரே இல்ல. பாவிக்காமலே எப்படிப் பழுதாகும்?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். பாவிக்காததால்தான் பழுதாகிறது. ஈயப் பற்றரி சார்ஜ் இறங்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேற்று என்ற உப்புப் படியும். உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்து திரும்பிவிடும். இறங்கின நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் அந்த உப்பு கட்டியாகிப் பளிங்காகிவிடும், பிறகு எந்தச் சார்ஜருக்கும் அசையாது. தகட்டில் உப்புக் கட்டின இடம் வேலைக்கு உதவாது, அந்த அளவுக்குப் பற்றரியும் சுருங்கிவிட்டது என்று அர்த்தம்.

இனி எங்கள் ஊர் வழக்கத்தை யோசியுங்கள். மானாவாரிக் காணிக்காரருக்கு ஒரு போகம்தான். கடைசி மருந்தை அடித்து, டாங்கியைக் கழுவிக் கவிழ்த்து, பற்றரியில் மிச்சமிருக்கிற அரைகுறைச் சார்ஜோடு தகரக் கொட்டிலில் மாட்டிவிடுவார்கள். மறுபடி ஐப்பசி, கார்த்திகையில்தான் கை வைப்பது. இடையில் சித்திரை, வைகாசி வெயில் முழுவதையும் அது அந்தத் தகரத்துக்குக் கீழேயே குடிக்கிறது. பற்றரி தானாக இறங்கும் வேகம் 10 பாகை வெப்பம் கூடக்கூட ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆயுளும் அதே கணக்கில் பாதியாகும். அம்பாறைப் பக்கம் குளத்துத் தண்ணீரில் சிறுபோகமும் செய்கிறவர்களின் மெசின் வருடத்தில் இரண்டு மடங்கு வேலை செய்தும் கூடுதல் காலம் தாங்குவதன் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கடைசியாக அடித்த அன்றே முழுக்கச் சார்ஜ் போடுங்கள். பற்றரிக்குப் போகிற வயரைக் கழற்றிவிடுங்கள், மெசினில் வோல்ட் காட்டுகிற சின்ன டிஸ்பிளே இருந்தால் அதுவே மெதுமெதுவாக உறிஞ்சிவிடும். வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு இரவு சார்ஜ். மறந்துபோகும் என்றால் பறுவத்துக்குப் பறுவம் போடுங்கள், கூடிப்போனாலும் குற்றமில்லை.

சார்ஜர் பிழையா பற்றரி பிழையா எண்டு எப்படிப் பிரிக்கிறது?

சார்ஜரைச் சுவரில் குத்தி, மற்ற முனையை மீற்றரில் பிடியுங்கள். 12 வோல்ட் ஈயப் பற்றரிக்கான சாதாரண சார்ஜர் 13.5க்கும் 15க்கும் இடையில் ஏதாவது காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அவசரப்பட வேண்டாம், சில சார்ஜர் பற்றரியைக் கண்டால்தான் வேலை தொடங்கும். அப்போது பற்றரியில் மாட்டிவிட்டுப் பற்றரியின் காதில் அளந்து பாருங்கள். 12.1இல் இருந்தது மெதுவாக 13ஐத் தாண்டி ஏறினால் சார்ஜர் சரி. அசையாமல் 12.1இலேயே நின்றால் சார்ஜரோ வயரோ துளையோ.

மருந்து மெசினில் நான் முதலில் பார்ப்பது துளையைத்தான். பசளைத் தண்ணீரும் மருந்தும் வடிந்து வடிந்து உள்ளே இருக்கிற பித்தளை பச்சை பிடித்திருக்கும், கடலோர வீடுகளில் உப்புக் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். பழைய பல் துலக்குகிற பிரஷால் தேய்த்துப் பாருங்கள்.

முழுக்க வெறுமையாக்கிப் போட்டுத்தான் சார்ஜ் போடணும், புதுசு எண்டா எட்டு மணித்தியாலம் போடணும் எண்டு கடைக்காரன் சொன்னான், உண்மையா?

பழைய நிக்கல் கட்மியம் பற்றரிக் காலத்து விதி அது, பற்றரி மாறியும் விதி மாறவில்லை. இன்றைய லித்தியத்துக்குத் தேவையே இல்லை, இடையிடையே போட்டால் அதற்கு நல்லது. ஈயப் பற்றரியை வெறுமையாக்கினால் என்ன நடக்கும் என்று பெரும்போகக் கேள்வியில் பார்த்தோம், அதற்கு இந்த விதி நஞ்சு மாதிரி. பாதி இறங்கினவுடன் போட்டுவிடுங்கள்.

ராவு முழுக்க சார்ஜில விட்டா பற்றரி கெட்டுப்போகுமா?

போனுக்குப் பயமில்லை, நிறைந்ததும் தானாக நிறுத்தும். தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடுவதுதான் பிழை, சூடு போக வழியில்லை. நிறைவைக் கண்டு தானாகக் கரண்ட்டைக் குறைக்கிற சார்ஜர் உள்ள மருந்து மெசினும் ஒரு இரவுக்குத் தாங்கும்.

பயப்பட வேண்டியது சுவரில் நேரே குத்துகிற மலிவு டோர்ச்சுக்குத்தான். பலவற்றில் நிறுத்துகிற சுற்றே கிடையாது, 230 வோல்ட்டை ஒரு கொண்டென்சரால் மட்டுப்படுத்திப் பற்றரிக்குள் விடுகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் சுவரிலேயே விட்டால் உள்ளே தண்ணீர் வற்றிப் பற்றரி வீங்கி நிற்கும். இன்னொன்று, இந்தச் சாதி டோர்ச் சுவரில் இருக்கும்போது மூடியைத் திறந்து தொட்டுவிடாதீர்கள், உள்ளே எல்லாமே மெயின் கரண்ட்.

யானைக் காவலுக்கு டோர்ச் வாங்கினது, 9900 எண்டு போட்ட பற்றரி. நடுச்சாமத்தில மங்கிப்போகுது. ஏன் நிக்குதில்லை?

அது நிற்காமல் போகவில்லை, தொடக்கத்திலிருந்தே இல்லை. 18650 பருமனுக்குள் நல்ல கொம்பனிகளே 3500 மில்லி அம்பியர் மணி (பற்றரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) அளவுதான் அடைக்கிறார்கள். 9900 என்பது வெளியே சுற்றின கடதாசியில் மட்டும் இருக்கிற எண், உள்ளே ஆயிரம் சொச்சம்தான் இருக்கும். தூக்கிப் பாருங்கள், உண்மையான 18650 ஏறத்தாழ 45 கிராம் நிறுக்கும். கையில் பஞ்சு மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வெல்லாவெளிப் பக்கம் காவல் இருக்கிறவர்களுக்கு என் புத்தி: 2500, 3000 என்று அடக்கமாக எழுதியிருப்பதை நம்பக்கூடிய இடத்தில் இரண்டு வாங்கி, ஒன்றை டோர்ச்சிலும் மற்றதைப் பிளாஸ்ரிக் டப்பாவிலும் வையுங்கள். சாவியும் சில்லறையும் கிடக்கிற பையில் பற்றரியை வெறுமனே போட்டால் இரண்டு முனையும் முட்டித் தீப்பற்றும். தலை வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் எந்தப் பற்றரியும் ஓடி முடிந்துவிடும், யானை வராத நேரம் குறைத்து வையுங்கள்.

பற்றரிக்குத் தண்ணி ஊத்தலாம்தானே? கிணத்துத் தண்ணி காணுமா?

மூடி திருகித் திறக்கிற பற்றரிக்கு மட்டும், வடித்த தண்ணீர் மட்டும். கடற்கரைப் பக்கமான எங்கள் எழுவான்கரைக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும், அது தகட்டில் போய் உட்கார்ந்தால் திரும்ப எடுக்க முடியாது. தகடு மூடி மேலே ஒரு விரற்கடை அளவு நின்றால் போதும். அசிட் ஊற்றவே வேண்டாம், வற்றிப் போனது தண்ணீர்தான், அசிட் அங்கேயே இருக்கிறது. சார்ஜ் போட்டு முடிந்த பிறகு ஊற்றுங்கள், முன்னால் ஊற்றினால் பொங்கி வழியும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது, சார்ஜ் ஏறும்போது வருவது ஐதரசன், தீப்பற்றுகிற வாயு.

மருந்து மெசினில் உள்ளது மூடின பற்றரி. மேல் பிளாஸ்ரிக்கைப் பெயர்த்துச் சிரிஞ்சியால் தண்ணீர் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில வேளை கொஞ்சம் உயிர் வரும், நிரந்தரமில்லை.

ஓட்டோ காலையில ஸ்டார்ட் எடுக்குதில்லை. கராச்சில சார்ஜ் ஏத்தினா ரெண்டு நாள் நல்லா ஓடுது, மறுகா அதே கதை. புதுப் பற்றரி போடவா?

இரண்டு நாள் ஓடுகிறதென்றால் பற்றரியை விடச் சந்தேகம் மற்ற இடத்தில். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் முறுக்கிப் பற்றரியின் காதில் அளந்து பாருங்கள். 13.8இலிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். 13க்குக் கீழே என்றால் வண்டி சார்ஜே ஏற்றவில்லை, பற்றரிக்குப் போகிற வோல்ட்டை மட்டுப்படுத்துகிற ரெகுலேற்றரைப் பாருங்கள். 15க்கு மேலே என்றால் அதே ரெகுலேற்றர் பற்றரியை அவிக்கிறது, எத்தனை புதுப் பற்றரி போட்டாலும் தண்ணீர் வற்றி வரும்.

அது சரியாக இருந்து, இரவில் மட்டும் இறங்கினால் எங்கோ கசிகிறது. சாவியை மூடிவிட்டுக் கழித்தல் வயரைக் கழற்றி இடையில் மீற்றரை அம்பியரில் மாட்டுங்கள், சிவப்புக் கம்பியை அம்பியர் துளைக்கு மாற்ற மறக்க வேண்டாம். சில மில்லி அம்பியர் ஓடினால் பரவாயில்லை, அரை அம்பியர் ஓடினால் கள்ளன் இருக்கிறான். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த வழிதான். ஓட்டோவில் பெரும்பாலும் பிறகு பூட்டின பாட்டுப் பெட்டியும் கலர் லைட்டும்தான்.

போன் 30 வீதத்தில நிக்குது, பொசுக்கெண்டு ஓஃப் ஆகுது. மென்பொருள் பிழையா?

சில நேரம் கணக்குப் பிசகு, பெரும்பாலும் வயது. பற்றரி பழகப்பழக உள்ளே தடை கூடும், கமராவைத் திறந்ததும் வோல்ட் விழும், போன் காலி என்று நினைத்து நின்றுவிடும். சுமையோடு அளக்கச் சொன்னேனே, அதே கதைதான் போனிலும். ஒருமுறை முழுக்க இறக்கி முழுக்க ஏற்றிப் பாருங்கள், எண் ஒழுங்காகிவிட்டால் நல்லது. ஆகாவிட்டால் பற்றரி மாற்றுகிற காலம். ஐந்நூறு முழுச் சார்ஜ் அளவில் லித்தியம் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது சாதாரணம். பைக் முன்னால் வெயிலில் மாட்டி வழி பார்த்துக்கொண்டே சார்ஜ் போடுகிறவர்களுக்கு அது முந்தி வரும்.

பற்றரி கொஞ்சம் வீங்கியிருக்கு, ஆனா வேலை செய்யுது. பாவிக்கலாமா?

லித்தியம் என்றால் கூடாது. குத்தி வாயுவை எடுக்கவும் கூடாது, அழுத்தி மூடவும் கூடாது, இனிச் சார்ஜும் போடக் கூடாது. மண் சட்டிக்குள் வைத்து வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஈயப் பற்றரி வீங்கினால் தீப்பற்றும் பயம் குறைவு, ஆனால் அது அதிகச் சார்ஜில் வெந்தது, ஆகவே சார்ஜரையும் மாற்ற வேண்டும்.

வெள்ளத்துக்குள்ள கிடந்த பற்றரி. காயவிட்டுப் போடலாமா?

2011 தை வெள்ளத்தை மறக்காதவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். ஈயப் பற்றரியை நல்ல தண்ணீரால் கழுவி, காதுகளைத் துப்புரவாக்கி, நன்றாகக் காயவிட்டு மேலே சொன்ன மாதிரி அளந்து பாருங்கள், பல தப்பிவிடும். மூடி திருகுகிற சாதியென்றால் உள்ளே வெள்ளம் போயிருக்கும், போனால் போனதுதான். நனைந்த லித்தியத்தை, அதிலும் வாவித் தண்ணீர், கடல் தண்ணீர் பட்டதைச் சார்ஜில் போடவே வேண்டாம். அன்றைக்கு ஒன்றும் நடக்காமல் இருக்கலாம், உள்ளே சுற்றுப் பலகை துருப்பிடித்த பிறகும் பற்றும்.

செத்த பற்றரிக்கு உயிர் குடுக்கலாம் எண்டு வீடியோவில காட்டுறானுகள். எப்சம் உப்புப் போட்டா சரியா?

எப்சம் உப்பு போட்டால் வோல்ட் கொஞ்சம் காட்டும், கொள்ளளவு வராது. அதை விடப் பொறுமை உதவும். தகட்டில் ஈய உப்புக் கட்டி அதிக நாளாகாத பற்றரி என்றால் சின்னக் கரண்ட்டில் நெடுநேரம் போடுங்கள், 8 அம்பியர் மணிப் பற்றரிக்கு 0.4 அம்பியர் அளவில் ஒரு நாள் முழுக்க, அடிக்கடி தொட்டுப் பார்த்து. சுட்டால் நிறுத்துங்கள். பிறகு மெசினை ஓட்டி இறக்கித் திரும்ப ஏற்றுங்கள், முந்தினதை விட நேரம் கூடி ஓடினால் இன்னும் ஒருமுறை செய்யலாம். கூடாவிட்டால் விட்டுவிடுங்கள்.

லித்தியத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். 2.5 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் உள்ளே செம்பு கரைந்து, திரும்பச் சார்ஜ் போடும்போது நடுவில் கம்பி மாதிரி வளர்ந்து முட்டும். இன்னொரு பற்றரியிலிருந்து "தட்டி" எழுப்புகிற வீடியோக்களில் அடுத்த வாரம் நடந்ததைக் காட்டமாட்டார்கள்.

மருந்து மெசினுக்கு ஈயத்துக்குப் பதிலா லித்தியம் போட்டா பாரம் குறையும் எண்டாங்க. போடலாமா?

போடலாம், முதுகுக்கும் நல்லது, ஆனால் பழைய சார்ஜரோடு போட முடியாது. மூன்று 3.7 வோல்ட் அறை சேர்ந்த பொதி 12.6இல் நிறைந்துவிடும். உங்கள் ஈயச் சார்ஜர் 14.4 தள்ளும். ஒவ்வொரு அறைக்கும் 4.8 வோல்ட், அது தீ விபத்து. பாதுகாப்புச் சுற்று இருந்தால் வெட்டும், இல்லாவிட்டால் வெட்டாது. லித்தியம் இரும்பு பொஸ்பேற்று நான்கு அறைப் பொதி 14.6இல் நிறைவது, ஈய மெசினுக்கு அதுதான் கிட்ட வரும். எதை வாங்கினாலும் அதற்குரிய சார்ஜரையும் சேர்த்து வாங்குங்கள். போகம் முடிந்து வைக்கும்போது இதைப் பாதிச் சார்ஜில் வைக்க வேண்டும், பெரும்போகப் பதிலில் சொன்னது இதற்குத் தலைகீழ்.

இன்வேட்டரில ரெண்டு பற்றரி. ஒண்டு மட்டும் போச்சு. அந்த ஒண்டை மட்டும் மாத்தினா காணாதா?

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின காலத்தில் இன்வேட்டர் வாங்கினவர்கள் இப்போது வரிசையாக இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். இரண்டு 12 வோல்ட்டைத் தொடராக மாட்டி 24 ஆக்கியிருந்தால் புதுசும் பழசும் ஒத்துப்போகாது. பழசு முதலில் நிறைந்துவிடும், சார்ஜர் மொத்தத்தை மட்டும் பார்ப்பதால் தள்ளிக்கொண்டே இருக்கும், பழசு வேகும். இறங்கும்போதும் பழசுதான் முதலில் காலி, ஆனால் புதுசில் மிச்சம் இருப்பதால் இன்வேட்டர் நிற்காமல் பழசை அடிமட்டம் வரை உறிஞ்சும். சில மாதத்தில் அதுவும் போக, புதுசு அந்த நேரம் அரைப் பழசு.

மாற்றுவதானால் இரண்டையும், ஒரே கொம்பனி, ஒரே அளவு, கிட்டக்கிட்டத் திகதி அடித்ததாகப் பார்த்து மாற்றுங்கள். கடையிலேயே மீற்றரை வைத்து அளக்கக் கேளுங்கள், 12.4க்குக் கீழே காட்டினால் அது தட்டிலேயே நெடுநாள் கிடந்தது, வேண்டாம் என்று சொல்லுங்கள். பழசு இரண்டையும் அங்கேயே கொடுத்தால் ஈயத்துக்கு விலை கழிப்பார்கள். தோட்டத்தில் உடைத்து ஈயம் எடுக்க வேண்டாம், அந்த அசிட்டும் ஈயமும் கிணற்றுக்குத்தான் இறங்கும். வாங்கி வந்ததும் இரண்டையும் தனித்தனியாக முழுக்கச் சார்ஜ் போட்டு, வோல்ட் சமமாக இருப்பதைப் பார்த்த பிறகு தொடராக மாட்டுங்கள்.